சான்டியாகோ: ஒரு நாள், சில பெயர்கள்

தென் அமெரிக்கா என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கால்பந்து. புத்தகம் படிக்கிறவர்களுக்கு அதற்கு அடுத்தபடியாக பாப்லோ நெரூதா. சிலி நாட்டின் தலைநகரமான சான்டியாகோவில் எனக்கு முழுதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தபோது என் பட்டியலில் இருந்ததும் இரண்டே விஷயங்கள்தான். நெரூதாவின் வீட்டைப் பார்க்க வேண்டும். 1973-இல் குண்டு விழுந்த ஜனாதிபதி மாளிகையைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் கால் போன போக்கில்.

சாயங்காலத்துக்குள் ஒன்று பிடிபட்டது. அன்று நான் நின்று பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் இரண்டு பெயர்கள், சிலவற்றுக்கு மூன்று. யார் கையில் அதிகாரம் இருந்ததோ அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்து வந்தவர்கள் அதை அழித்து வேறொன்று எழுதியிருக்கிறார்கள். பம்பாய்க்கு வேலைக்குப் போய் மும்பையில் ரிட்டயர் ஆன நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் சான்டியாகோவில் பெயர் என்பது போர்டு எழுதுகிற சமாசாரம் மட்டும் இல்லை. அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் வீட்டு ஆளின் பெயரை ஒரு கல்லில் பார்ப்பதற்காக இருபது வருடம் காத்திருந்தன. அந்தக் கதையை நான் நடந்த வரிசையிலேயே சொல்லப் பார்க்கிறேன்.

சதுக்கம்

காலை எட்டு மணிக்கு பிளாசா தே ஆர்மாஸ். ஸ்பானியர்கள் கட்டிய எந்த ஊருக்குப் போனாலும் நடுவில் இப்படி ஒரு சதுக்கம் இருக்கும். ஒரு பக்கம் தேவாலயம், இன்னொரு பக்கம் அரசுக் கட்டடங்கள், அங்கிருந்து நூல் பிடித்த மாதிரி நேர் நேராகத் தெருக்கள். நமக்குக் கோயிலைச் சுற்றி மாட வீதிகள் மாதிரி அவர்களுக்கு ஊர் தொடங்குவது இந்தச் சதுக்கத்தில்தான்.

பெத்ரோ தே வல்டிவியா என்ற ஸ்பானியத் தளபதி பெருவிலிருந்து பாலைவனத்தைத் தாண்டி வந்து, 1541 பிப்ரவரி 12 அன்று இந்த ஊரை நிறுவினார். சான்டியாகோ என்றால் புனித யாக்கோபு, ஸ்பெயினின் காவல் புனிதர். ஸ்பானியப் படைவீரர்கள் சண்டைக்குப் பாயும்போது கூவுகிற பெயரும் அதுதான். அதையே ஊருக்கு வைத்துவிட்டார்கள்.

'நிறுவினார்' என்று சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த இடம் ஒன்றும் வெறும் பொட்டலாகக் கிடக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் மக்கள் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்பானியர்களுக்கு முன்பே இங்கே இன்காக்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் பழைய மக்களின் பெயர்களில் ஊரின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர் மட்டும் தப்பித்து இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: மாப்போச்சோ.

அவர்கள் சும்மா விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஏழே மாதத்தில், 1541 செப்டம்பர் 11 அன்று, மிச்சிமாலோன்கோ என்ற தலைவர் பெரும் படையுடன் வந்து ஊரைக் கொளுத்தினார். வல்டிவியா அப்போது ஊரில் இல்லை. அவருடைய துணைவி இனேஸ் தே சுவாரெஸ், சிறையில் வைத்திருந்த ஏழு பழங்குடித் தலைவர்களின் தலைகளை வெட்டி, முற்றுகையிட்டவர்கள் நடுவே வீசச் சொன்னார் என்றும், முதல் தலையை அவரே வெட்டினார் என்றும் ஸ்பானியக் குறிப்புகள் சொல்கின்றன. படை கலைந்தது. ஊர் சாம்பலானது. மிஞ்சியது சில பன்றிகள், ஒரு சேவல், ஒரு பெட்டைக் கோழி, இரண்டு கை கோதுமை என்று வல்டிவியா பின்னால் தன் மன்னருக்குக் கடிதம் எழுதினார்.

இன்று சதுக்கத்தில் வல்டிவியா குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு மூலையில் பழங்குடி மக்களுக்கான நினைவுச் சின்னம். விரிசல் விட்ட ஒரு கல் முகம். குதிரை மேல் இருப்பவருக்குப் பெயர் இருக்கிறது. கல் முகம் யாருடையது என்றால், எல்லோருடையதும். அதாவது தனியாக யாருடையதும் இல்லை.

அந்தத் தேதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 11. திரும்பத் திரும்ப வரப்போகிறது.

ஒரு கதவு

சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடை. லா மொனேதா. மொனேதா என்றால் நாணயம். காலனிக் காலத்தில் நாணயம் அடிக்கிற சாலையாகக் கட்டியதால் அந்தப் பெயர். ஹோவாக்கின் தோயெஸ்கா என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் வரைந்த கட்டடம், 1805-இல் திறக்கப்பட்டது. 1840-களிலிருந்து அதுவே ஜனாதிபதி மாளிகை. பெயர் மட்டும் மாறவில்லை. நம் ராஷ்டிரபதி பவனைத் 'தங்கசாலை' என்று கூப்பிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

1970 தேர்தலில் சல்வடோர் அலெண்டே 36 சதவீதத்துக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கி முதலிடம் பிடித்தார், நாடாளுமன்றம் அவரை ஜனாதிபதியாக்கியது. மார்க்சியவாதி, ஓட்டுப் பெட்டி வழியாக வந்தவர். தாமிரச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கினார். அமெரிக்க உளவுத் துறை அவரை வரவிடாமலும் நிலைக்கவிடாமலும் செய்யப் பணம் செலவழித்ததை 1975-இல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. உள்ளூரிலும் நிலைமை சரியில்லை. விலைவாசி எகிறியது, கடைகளில் நீண்ட வரிசை, லாரி உரிமையாளர்களின் வேலைநிறுத்தம். நாடே இரண்டாகப் பிளந்து கிடந்தது.

1973 செப்டம்பர் 11. காலையிலேயே ராணுவம் இறங்கிவிட்டது. அலெண்டே மாளிகையை விட்டு வெளியேற மறுத்தார், வானொலியில் நாட்டு மக்களிடம் கடைசியாகப் பேசினார். நண்பகலை ஒட்டி ஹாக்கர் ஹன்டர் விமானங்கள் வந்தன. நம் விமானப்படை 1971-இல் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை அடிக்கப் பயன்படுத்திய அதே ரகம். இங்கே ஒரு நாட்டின் விமானப்படை தன் நாட்டு ஜனாதிபதி மாளிகையின் மேலேயே குண்டு போட்டது. அலெண்டே உள்ளேயே இறந்தார். கொலையா தற்கொலையா என்று பல வருடம் சர்ச்சை நடந்தது. 2011-இல் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்துத் தற்கொலைதான் என்று முடிவு சொன்னார்கள்.

மாளிகையின் கிழக்குப் பக்கம் மொராந்தே தெருவில் 80 என்று எண் போட்ட ஒரு கதவு. வாசலில் நிற்கும் காவல் படையின் சல்யூட் சடங்கெல்லாம் இல்லாமல் ஜனாதிபதிகள் சாதாரண மனிதர்களாக வந்து போவதற்கு வைத்திருந்த வழி. அலெண்டேயின் உடலை வெளியே தூக்கி வந்ததும் அந்தக் கதவு வழியாகத்தான். மாளிகையைப் பழுதுபார்த்தபோது ராணுவ ஆட்சி அந்த வாசலையே சுவரெடுத்து மூடியது. அங்கே கதவு இருந்த அடையாளமே தெரியாது. 2003-இல், முப்பது வருடம் கழித்து, ஜனாதிபதி ரிகார்தோ லாகோஸ் அதே இடத்தில் மறுபடி கதவு வைத்துத் திறந்தார்.

ஒன்றும் பிரமாதமான கதவு இல்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இதைவிடப் பெரிய கதவுகள் உண்டு. ஞாயிறு என்பதால் தெருவில் கூட்டம் இல்லை. ஒரு அம்மா தன் பையனிடம் கதவைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் 'எண்பது' மட்டும் காதில் விழுந்தது.

குன்று

அங்கிருந்து கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் ஊருக்கு நடுவில் திடீரென்று ஒரு பாறைக் குன்று. பழங்குடிகள் வைத்த பெயர் உவேலேன். வேதனை என்று பொருள் என்பார்கள். வல்டிவியாவின் ஆட்கள் வந்து சேர்ந்தது புனித லூசியாவின் திருநாளில், ஆகவே சாந்தா லூசியா. இதுவும் இரட்டைப் பெயர்.

1872-இல் நகர நிர்வாகியாக வந்த பெஞ்சமின் விகுன்யா மக்கென்னா இந்த மொட்டைப் பாறையைப் படிக்கட்டுகளும் நீரூற்றுகளுமாகப் பூங்கா ஆக்கினார். அதற்கு முன் அரை நூற்றாண்டு காலம் கத்தோலிக்கர் அல்லாதவர்களை இங்கேதான் புதைத்தார்கள். தேவாலயத்தின் கல்லறையில் அவர்களுக்கு இடம் கிடையாது. பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் பலர் அப்படி இங்கே கிடந்தார்கள். மக்கென்னா எலும்புகளை அகற்றச் சொன்னார், ஆனால் மறக்கவில்லை. விண்ணிலிருந்தும் மண்ணிலிருந்தும் நாடுகடத்தப்பட்டவர்களின் நினைவாக, என்ற பொருளில் ஒரு கல்வெட்டு அங்கே இருக்கிறது. பிறந்த ஊரை விட்டு வந்து வேறு ஊரில் வாடகை வீட்டில் இருக்கிற யாருக்கும் அந்த வரி கொஞ்சம் உறைக்கும்.

குன்றின் அடிவாரத்தில் ஒரு பாறையில் வல்டிவியா மன்னருக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வாழ்வதற்கு இதைவிட நல்ல பூமி உலகத்தில் கிடையாது, ஜனங்கள் வந்து குடியேறலாம் என்கிற தோரணையில் போகிறது. நிலம் விற்கிற விளம்பரங்கள் 1545-லேயே ஆரம்பித்துவிட்டன!

வெயில் ஏறியிருந்தது. தெருவோர வண்டியில் 'மோத்தே கோன் உவேசிய்யோ' வாங்கிக் குடித்தேன். உமி நீக்கி வேகவைத்த கோதுமை, உலர்ந்த பீச் பழம், இனிப்புப் பாகு, எல்லாம் சில்லென்று. கோதுமைப் பாயசத்தை ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்த மாதிரி இருந்தது. சைவக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். அந்த இரண்டு கை கோதுமை இப்படியாகத் தெருவோர வண்டி வரைக்கும் வந்துவிட்டது.

ஒரு கட்டடம், மூன்று பெயர்

குன்றை விட்டு இறங்கி அலமேதா என்கிற பிரதான சாலையில் கொஞ்ச தூரம் போனால் துருப்பிடித்த நிறத்தில் ஒரு பெரிய கட்டடம். இதன் கதையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1972-இல் ஐ.நா.வின் மூன்றாவது வர்த்தக, வளர்ச்சி மாநாடு சான்டியாகோவில் நடந்தது. நம் நாடு மாதிரியான ஏழை நாடுகள், பணக்கார நாடுகளிடம் நியாயமான வியாபார விதிகள் கேட்ட மாநாடு. அதற்கு இடம் வேண்டும் என்று அலெண்டே அரசு இந்தக் கட்டடத்தை 275 நாளில் கட்டி முடித்தது. தொழிலாளிகளும் கலைஞர்களும் ஷிஃப்டு போட்டு வேலை செய்தார்கள். மாநாடு முடிந்ததும் மக்களுக்கான கலாசார மையமாக்கி, கவிஞர் காப்ரியேலா மிஸ்ட்ரலின் பெயரை வைத்தார்கள். 1945-இல் லத்தீன் அமெரிக்காவின் முதல் இலக்கிய நோபல் பரிசு பெற்றவர், கிராமத்துப் பள்ளி ஆசிரியை. (மிஸ்ட்ரல் என்பதும் புனைபெயர்தான். சொந்தப் பெயர் லூசிலா கோதோய்.)

அடுத்த வருடமே ராணுவப் புரட்சி. லா மொனேதா எரிந்து கிடந்ததால் தளபதி பினோசெட்டின் ராணுவக் குழு இந்தக் கட்டடத்தைத் தலைமையகமாக எடுத்துக்கொண்டது. கவிஞரின் பெயர் போய், 19-ஆம் நூற்றாண்டின் இரும்புக்கர அமைச்சர் தியேகோ போர்த்தாலெஸின் பெயர் வந்தது. மக்கள் சாப்பிட வந்துபோன இடத்தைச் சுற்றிக் காவல். 1981-இல் பினோசெட் சீரமைத்த லா மொனேதாவுக்கு மாறும் வரை நாட்டின் சட்டங்கள் இங்கிருந்துதான் வந்தன.

2006-இல் கட்டடத்தின் பெரும் பகுதி தீயில் போனது. திருத்திக் கட்டி 2010-இல் மறுபடி திறந்தபோது பழைய பெயர் திரும்பி வந்தது: காப்ரியேலா மிஸ்ட்ரல் மையம். நான் போனபோது வெளி முற்றத்தில் கண்ணாடிச் சுவரைப் பார்த்து இளவட்டங்கள் கும்பல் கும்பலாக நடனப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கொரியப் பாட்டு!

தேதி விஷயத்துக்கு வருகிறேன். பினோசெட் தன் அரசியல் சட்டத்துக்கு மக்கள் ஒப்புதல் வாங்கிய வாக்கெடுப்பு நடந்தது 1980 செப்டம்பர் 11-இல். வாக்காளர் பட்டியலே இல்லாமல் நடந்த வாக்கெடுப்பு அது. அதே வருடம் ப்ரொவிதென்சியா பகுதியின் ஒரு பெரிய சாலைக்கு 'செப்டம்பர் 11' என்றே பெயர் வைத்தார்கள். தன் வீட்டு ஆள் காணாமல் போன தேதியின் பெயர் போட்ட தெரு வழியாக ஒரு தாய் பஸ்ஸில் போய்வர வேண்டும். ஜனநாயகம் திரும்பிய பிறகும் இருபத்து மூன்று வருடம் அந்தப் பெயர் இருந்தது. 2013-இல்தான் 'நுயேவா ப்ரொவிதென்சியா' ஆனது.

பினோசெட் பதவியிலிருந்து இறங்கியதும் வாக்கெடுப்பில்தான். 1988 அக்டோபர் 5. அவர் தொடர வேண்டுமா என்ற கேள்விக்கு சுமார் 56 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஆனால் அவர் கொடுத்த அரசியல் சட்டம் நின்றது. பல திருத்தங்களோடு இன்னும் நிற்கிறது.

அதன் எதிரொலியை அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம். பாக்கெதானோ சதுக்கம். 19-ஆம் நூற்றாண்டுப் போர்த் தளபதி ஒருவரின் பெயர். 2019 அக்டோபரில் மெட்ரோ கட்டணத்தை 30 பெசோ ஏற்றியதில் தொடங்கிய போராட்டம், முப்பது பெசோ பிரச்சினை இல்லை, முப்பது வருடப் பிரச்சினை என்று வெடித்தது. லட்சக்கணக்கானவர்கள் கூடிய இந்த இடத்தை அவர்கள் 'கண்ணிய சதுக்கம்' என்று அழைத்தார்கள். தளபதியின் சிலையை 2021 மார்ச்சில் அரசே பீடத்திலிருந்து இறக்கி எடுத்துப்போனது. புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்று 2020-இல் 78 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆனால் எழுதிக் கொடுத்த இரண்டு வரைவுகளையும், 2022-இல் ஒன்றும் 2023-இல் ஒன்றுமாக, மக்களே நிராகரித்தார்கள். ஒரு பெயரை அழிப்பது சுலபம். அந்த இடத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒன்றை எழுதுவதுதான் கஷ்டம்.

கவிஞரின் வீடு

மாப்போச்சோவின் பாலத்தைத் தாண்டினால் பெய்யாவிஸ்தா. சான் கிறிஸ்தோபால் குன்றின் அடியில் நெரூதாவின் வீடு, லா சாஸ்கோனா. சாஸ்கோனா என்றால் பரட்டைத் தலைக்காரி. பின்னாளில் மனைவியான மத்தில்தே உருத்தியாவுக்காக, அந்த உறவு ரகசியமாக இருந்த 1953-இல் கட்டத் தொடங்கியது. கப்பல் மாதிரி குறுகலான அறைகள், வளைந்த படிகள். ஓவியர் தியேகோ ரிவேரா வரைந்த மத்தில்தேயின் படத்தில் பெண்ணுக்கு இரண்டு முகங்கள், கூந்தலுக்குள் நெரூதாவின் பக்கவாட்டு முகம் ஒளிந்திருக்கிறது.

நெரூதாவும் வைத்துக்கொண்ட பெயர்தான். பெற்றோர் வைத்தது ரிகார்தோ நெஃப்தாலி ரெயெஸ். 1971-இல் நோபல். ராணுவப் புரட்சி நடந்து பன்னிரண்டே நாளில், 1973 செப்டம்பர் 23 அன்று இறந்தார். அதற்குள் இந்த வீட்டை அடித்து நொறுக்கித் தண்ணீரில் மூழ்கடித்திருந்தார்கள். மத்தில்தே பிடிவாதமாக உடலை இங்கேயே கொண்டு வந்து, உடைந்த கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் வைத்தார். அவருடைய இறுதி ஊர்வலம்தான் ராணுவ ஆட்சிக்கு எதிராக மக்கள் வாய்திறந்த முதல் சந்தர்ப்பம். இறந்தது புற்றுநோயாலா, விஷத்தாலா என்ற வழக்கு இன்னொரு தனிக் கதை.

இதெல்லாம் நெஞ்சைத் தொடுகிற விஷயங்கள். நம்மில் பலர் நெரூதாவைத் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்தவர்கள். ஆனால் ஒரு தமிழன் அந்த வீட்டில் நிற்கும்போது இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியாது.

1929-இல் நெரூதா கொழும்பில் சிலியின் தூதரக அதிகாரி. வெள்ளவத்தையில் கடற்கரை ஓரமாக ஒரு பங்களாவில் தனியாக இருந்தார். அந்த வீட்டின் கழிப்பறை வாளியை எடுத்துச் சுத்தம் செய்ய விடியற்காலையில் ஒரு பெண் வருவார். தமிழ்ப் பெண், பறையர் சாதி என்று அவரே குறிப்பிடுகிறார். கூப்பிட்டார், பரிசுப் பொருள்கள் வைத்தார், அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் காலை அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அந்தப் பெண் கண்களைத் திறந்தபடி சிலை போலக் கிடந்தார் என்றும், தன்னை அவர் வெறுத்தது சரிதான் என்றும் எழுதியிருக்கிறார். நெரூதா இறந்த பிறகு, 1974-இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்பில் இது ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பினார்கள். நாமும்தான். 2018-இல், சான்டியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரை வைக்கலாம் என்ற யோசனைக்கு நாடாளுமன்றக் குழு ஒன்று ஒப்புதல் கொடுத்தது. அந்த வருடம் சிலியின் பல்கலைக்கழகங்களில் பெண்கள் எழுச்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த வருடம். அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டி, இது பாலியல் வன்முறையின் ஒப்புதல் வாக்குமூலம், இவர் பெயரா நம் நாட்டின் வாசலில், என்று கேட்டார்கள் அந்த ஊர்ப் பெண்கள். பெயர் மாற்றம் நடக்கவில்லை. விமான நிலையம் இன்றும் சிலி விமானப்படையை நிறுவிய அர்தூரோ மெரினோ பெனித்தெஸின் பெயரில்தான் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். பெயர்கூடத் தெரியாத ஒரு தமிழ்த் தொழிலாளிப் பெண்ணுக்காக, ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்து, பூமியின் மறுபக்கத்தில், அவர் மொழி தெரியாத பெண்கள் பேசினார்கள். தமிழில் அதற்கு முன் நாம் எத்தனை பேர் பேசினோம்? இலங்கையில் சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம 2021-இல் 'அல்பொராடா' என்ற படம் எடுத்தார். அந்தப் பெண் பக்கமிருந்து பார்க்க முயன்ற படம். நெரூதாவின் கவிதைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. என் அலமாரியில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெண்ணையும் சேர்த்துப் பேசுவது நம் கடமை என்று அந்த வீட்டைவிட்டு வெளியே வரும்போது தோன்றியது.

மதராஸியும் துருக்கியனும்

அடுத்து மெட்ரோ பிடிக்க பத்ரோனாத்தோ வரை நடந்தேன். துணிக்கடைகள் நிறைந்த பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் கடை போட்ட இடம், பின்னால் கொரியர்களும் வந்தார்கள். அரபு நாடுகளுக்கு வெளியே பாலஸ்தீனர்கள் மிக அதிகமாக இருப்பது சிலியில்தான்.

வந்தபோது அவர்கள் கையில் இருந்தது ஒட்டோமான் துருக்கியின் கடவுச்சீட்டு. ஆகவே உள்ளூர்க்காரர்கள் எல்லோரையும் 'துர்க்கோ' என்றார்கள். துருக்கிய ஆட்சியிலிருந்து தப்பி வந்தவனையே துருக்கியன் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்! திருநெல்வேலிக்காரரும் பாலக்காட்டுக்காரரும் குண்டூர்க்காரரும் வடக்கே போனால் மொத்தமாக 'மதராஸி' ஆகிவிடுகிற மாதிரிதான். மதராஸ் என்ற பெயரையே 1996-இல் மாற்றியாகிவிட்டது, மதராஸி மட்டும் போகவில்லை. அடுத்தவன் நமக்கு வைக்கிற பெயர் அவ்வளவு கெட்டி.

சுவர்

இரண்டாவது வழித்தடத்தில் 'செமென்தேரியோஸ்' நிலையம். பெயரே கல்லறைகள்தான். 1821-இல் தொடங்கிய பொதுக் கல்லறை, தனி ஊர் மாதிரி தெருக்களும் மரங்களும். பணக்காரர்களுக்கு மாளிகை, மற்றவர்களுக்கு அடுக்கு மாடி. இறந்த பிறகும் அப்படித்தான்.

அலெண்டேயை 1973-இல் பெயர்ப்பலகை இல்லாமல் வேறு ஊரில், வீன்யா தெல் மாரில், அவசரமாகப் புதைத்தார்கள். இங்கே புதைக்கப்படுவது சல்வடோர் அலெண்டே என்று குழிக்குப் பக்கத்தில் நின்று அவர் மனைவி உரக்கச் சொன்னார், குழி வெட்டுகிறவர்களுக்காவது தெரியட்டும் என்று. 1990-இல் ஜனநாயகம் திரும்பியதும் அரசு மரியாதையோடு இங்கே கொண்டு வந்தார்கள்.

நான் பார்க்க வந்தது 1994-இல் திறந்த அந்தச் சுவர். சுமார் 30 மீட்டர் நீளம், பளிங்கு. நடுவில் அலெண்டேயின் பெயர். ஒரு பக்கம் காணாமல் போனவர்கள், மறு பக்கம் கொல்லப்பட்டவர்கள். ராணுவ ஆட்சியில் இந்த இரண்டு வகையிலும் சேர்த்து மூவாயிரத்துக்கு மேல். கிட்டே போனால்தான் எழுத்து தெரியும், தூரத்திலிருந்து வெறும் சாம்பல் கோடுகள். அடியில் பூக்கள், மங்கிப்போன போட்டோக்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை வருகிற இடங்களில் கண் நின்றுவிடுகிறது.

காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் போட்டோவை நெஞ்சில் குத்திக்கொண்டு, எங்கே அவர்கள் என்று கேட்டபடி தெருவில் நின்றார்கள். சிலியின் தேசிய நடனம் குவேக்கா, ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஜோடியாக ஆடுவது. 1978-இல் மகளிர் தின நிகழ்ச்சியில் இந்தப் பெண்கள் மேடையேறித் தனியாக ஆடினார்கள், எதிரில் இருக்க வேண்டிய ஆளின் இடத்தைக் காலியாக விட்டு.

கல்லறையின் வேறொரு மூலையில் பத்தியோ 29. ராணுவப் புரட்சிக்குப் பிறகு கொல்லப்பட்டவர்களை இரகசியமாகப் புதைத்த மனை. துருப்பிடித்த இரும்புச் சிலுவைகளில் 'என்.என்.' என்ற இரண்டே எழுத்து. பெயர் தெரியாதவர் என்பதன் லத்தீன் சுருக்கம். சில குழிகளில் இருவர். 1991-இல் தோண்டி 126 உடல்களை எடுத்தார்கள். அடையாளம் கண்டு 96 பேரைக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். 2006-இல் அவற்றில் 48 தவறு என்று தெரிய வந்தது. பல வருடம் பூ வைத்துக் கும்பிட்டது வேறு யாருக்கோ. எலும்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி தேடத் தொடங்க வேண்டும்.

2023-இல் சிலி அரசு முதல்முறையாக ஒரு தேசியத் தேடல் திட்டம் அறிவித்தது. அப்போதைய கணக்குப்படி காணாமல் ஆக்கப்பட்டவர்கள் 1,469 பேர். அதுவரை கண்டுபிடித்து அடையாளம் காட்டியது 307 பேரை மட்டும். ஐம்பது வருடம் வரை இந்த வேலையைத் தாய்மார்களும் மனைவிமார்களும்தான் பார்த்தார்கள்.

அந்தச் சிலுவைகளின் முன்னால் நிற்கும்போது வெள்ளவத்தைப் பெண்தான் மறுபடி மனதுக்கு வந்தார். இங்கே 'என்.என்.' என்று எழுதிய ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு வீட்டில் பெயர் தெரிந்த ஆள் இருந்தார், தேடினார், அதனால்தான் சுவர் வந்தது. அந்தப் பெண்ணுக்கும் கொழும்பில் ஏதோ ஒரு வரிசை வீட்டில் பெயர் இருந்திருக்கும். அம்மா கூப்பிட்டிருப்பார், அக்கம்பக்கத்தில் கூப்பிட்டிருப்பார்கள். அது நம் மொழிப் பெயர். எழுதி வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சான்டியாகோவில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், வெளியூர் திராட்சைத் தோட்டங்களைத் தியாகம் செய்துவிட்டு கல்லறைக்குப் போங்கள். மூடுகிற நேரத்தை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. குழந்தைகளையும் கூட்டிப்போகலாம், நிறைய பேர் குடும்பமாகத்தான் வருகிறார்கள். சுவரில் ஏதாவது ஒரு பெயரையாவது முழுசாக, சத்தமாக வாசித்துவிட்டு வாருங்கள். ஸ்பானிஷ் உச்சரிப்பு தப்பினாலும் பரவாயில்லை.